துளை ஆறும்வரை உங்கள் வேலை: உடலில் துளையிடும் தொழில் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

காது, மூக்கு, புருவம், உதடு, நாக்கு, தொப்புள் எனக் கேட்ட இடத்தில் துளையிட்டு அணி பூட்டித் தரும் அனைவருக்கும்,

வணக்கம்.

குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்குப் பெரும்பாலும் இரண்டாம் நாள் இரவில்தான் பயம் பிடிக்கும். கொஞ்சம் சிவந்திருக்கிறதே, தொட்டால் வலிக்கிறதே, அணியின் தண்டைச் சுற்றி ஏதோ வெள்ளையாகக் கசிகிறதே, சீழ் வைத்துவிட்டதா? அந்த ஊசி புதிதுதானா? கேட்க ஆள் இல்லாமல் கண்ணாடி முன் நின்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இல்லாத கிருமியை அந்த விரலே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு. துளைப்புண்களைக் கழுவி மருந்து கட்டும் வேலையில் இருக்கும் நாங்கள் சொல்கிறோம்: அவர் தேடும் பதில்களில் பெரும்பாலானவற்றைக் குத்திய அன்றே நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆனால் தாளில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டுமானால் முதலில் உங்கள் மேசையில் சில மாற்றங்கள் வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கன் ஷாட். ஸ்பிரிங் விசையில் தோட்டை அடித்துச் செருகும் அந்தத் துப்பாக்கியில் இரண்டு கோளாறுகள். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் இரண்டும் சரியாகாது. பெரும்பாலான துப்பாக்கிகளின் உடல் பிளாஸ்டிக். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது. ஆகவே ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு, அடுத்தவர் காது. தோடு புதுப் பொட்டலத்திலிருந்து வந்திருக்கலாம். முந்தையவரின் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி கருவியின் வாயில் இருந்தால் அந்தப் புதுப் பொட்டலத்தால் பயனில்லை. அடுத்தது, தோட்டின் முனை. பார்க்கக் கூராக இருந்தாலும் ஊசியோடு வைத்துப் பார்த்தால் அது மொட்டை. உள்ளே குழலாக இருக்கும் ஊசி சதையை வெட்டி வழி எடுக்கிறது. தோடு நசுக்கிப் பிளந்து நுழைகிறது. நசுங்கிச் செத்த சதை கிருமிக்குத் தீனி.

காதின் அடியில் தொங்கும் சோணையில் இந்த நசுக்கலை உடம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அங்கே ரத்த ஓட்டம் தாராளம். மேல் காதில் கதையே வேறு. குருத்தெலும்புக்கென்று சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஊறி வருவதைக் கொண்டுதான் அது பிழைத்திருக்கிறது. மொட்டை முனை வேகமாக இடிக்கும்போது அந்த உறை குருத்தெலும்பை விட்டுப் பிரியலாம், இடுக்கில் ரத்தம் தேங்கலாம். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒரு பாக்டீரியா உண்டு. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதன் வீடு. அது அந்த இடுக்கில் குடியேறிவிட்டால், ரத்தத்தோடு வந்து சண்டை போட வேண்டிய வெள்ளணுக்களும் மருந்தும் போதுமான அளவு அங்கே எட்டுவதில்லை. குருத்தெலும்பு அழியத் தொடங்கும். அழிந்தது மறுபடி பழைய வடிவில் வளராது; காது சுருங்கி மடங்கிவிடும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களிடையே இந்தத் தொற்று பரவியது. பரிசோதனையில் உறுதியானவர்கள் 7 பேர். சிலருக்குக் காதின் வடிவமே கெட்டது. காரணத்தைத் தேடிப்போனவர்களுக்கு அதே கிருமி கிடைத்த இடங்களில் ஒன்று, அங்கிருந்த கிருமிநாசினிப் புட்டி! தண்ணீரில் கரைத்த சில கிருமிநாசினிகளில் சூடோமோனாஸ் சாகாமல் பெருகும். புட்டி குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புகிறவர்கள் இதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். காலியான புட்டியைக் கழுவி நிரப்புவதும் வேண்டாம். புதுப் புட்டியைத் திறங்கள், திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள்.

மேல் காதிலும் மூக்கிலும் துப்பாக்கி கூடவே கூடாது. மேல் காதுக்குப் பொதுவாக 16 கேஜ் ஊசி (1.2 மி.மீ.), மூக்குக்கு 18 அல்லது 20 கேஜ் (1.0 அல்லது 0.8 மி.மீ.), நாக்குக்கும் தொப்புளுக்கும் 14 கேஜ் (1.6 மி.மீ.) என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. ஒருவருக்கே இரண்டு துளை என்றாலும் இரண்டு ஊசி எடுங்கள்; முதல் துளையிலேயே முனை மழுங்கத் தொடங்கிவிடும். முடிந்ததும் மூடி போட்டு வைக்க முயலாதீர்கள், உங்கள் விரலில் ஏறும். நேராகக் கூர்முனைக் கழிவுப் பெட்டிக்குள் போகட்டும்.

இடுக்கி போன்ற திரும்பப் பயன்படுத்தும் கருவிகளில் வரிசை மாறக் கூடாது. முதலில் கழுவுதல், பிறகுதான் கிருமி நீக்கம். உலர்ந்த ரத்தம் ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் இருப்பதை நீராவி தொடாது. உறையில் போட்ட கருவிகளுக்குச் சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். இந்த 30 நிமிடம் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து அல்ல, சூடு 121-ஐத் தொட்ட நேரத்திலிருந்து. அடைத்துத் திணித்தால் நடுவில் இருப்பதற்கு நீராவி போகாது. ஈரமாக வெளியே வந்த உறை, திறக்காமலேயே கெட்டுப்போன உறை. ஈரத் தாளின் வழியாகக் கிருமி உள்ளே ஊறிப் போகும். உறைமேல் நிறம் மாறும் பட்டை சூடு எட்டியதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்வது வித்துச் சோதனை. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற, சூட்டுக்கு எளிதில் சாகாத பாக்டீரியாவின் வித்துகள் (அது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் நிலை) உள்ள குப்பியைக் கருவிகளோடு வைத்து எடுத்து, அதில் ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பது. மாதம் ஒரு முறையாவது செய்து முடிவைச் சுவரில் ஒட்டுங்கள். கொதிநீருக்கு எல்லா வித்துகளும் சாவதில்லை, ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. நீல வெளிச்சம் எரியும் அந்தப் புறஊதாப் பெட்டி அலமாரிக்குச் சமம். அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

தோலைத் துடைக்கும் மருந்து உலர வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் அவசரம் அதிகம். போவிடோன் அயோடின் போட்டால் இரண்டு நிமிடமாவது விடுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் கலந்த 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் நல்லது. ஆனால் காதுத் துவாரத்துக்குள் வழிய விடாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்காதைக் கெடுக்கும். கண்ணருகிலும் அதே எச்சரிக்கை. குறி வைக்கும் பேனா ஒருவருக்கு ஒன்று. நூறு பேர் காதைத் தொட்ட பேனாவின் முனையை மூடியால் மூடி ஈரமாகப் பாதுகாக்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கையுறையோடு கைபேசியைத் தொட்டால் கையுறையை மாற்றுங்கள்.

அணிக்கு வருவோம். புதுத் துளைக்கு உடலுக்குள் பொருத்தும் தரத்தில் உள்ள டைட்டானியம் (தரக் குறியீடு ஏ.எஸ்.டி.எம். எஃப்136), நியோபியம், அல்லது நிக்கல் கலக்காத 14 முதல் 18 காரட் தங்கம். முலாம் பூசியது வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். நிக்கல் ஒவ்வாமை பல சமயம் தொற்றைப் போலவே வேடம் போடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளைக்குள் போகும் அணியிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பே உண்டு. தண்டின் நீளமும் முக்கியம். வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் முதல் தண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தி மாட்டும் பின்மூடி வீங்கிய சதைக்குள் புதைந்துவிடும், பிறகு கீறித்தான் எடுக்க வேண்டும். அதே நீளத் தண்டை வீக்கம் வற்றிய பிறகும் விட்டுவைத்தால் அது ஆடி ஆடிப் புண்ணை ஆற விடாது. ஆகவே எப்போது திரும்பி வந்து குட்டைத் தண்டு மாற்ற வேண்டும் என்ற தேதி தாளில் இருக்கட்டும். நாக்குக்கு இது இன்னும் முக்கியம்: முதல் மூன்று முதல் ஐந்து நாள் வரை நன்றாக வீங்கும், அதற்குப்பின் நீளத் தண்டு பல்லில் இடித்துக்கொண்டே இருக்கும்.

இனி அந்த இரண்டாம் நாள் இரவு. வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில் ஆக முக்கியமானது இதுதான், இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறீர்கள்.

முதல் சில நாட்களில் சிவப்பு, லேசான வீக்கம், தொட்டால் வலி, கொஞ்சம் ரத்தக் கசிவு எல்லாம் காயத்தின் இயல்பு. தண்டைச் சுற்றி வெளிறிய மஞ்சளாகவோ வெண்மையாகவோ கசிந்து பொருக்குத் தட்டுவது சீழ் அல்ல, ஆறும் புண்ணிலிருந்து வரும் நீர். வாரக்கணக்கில் வரும். அரிப்பும் வரும். எல்லாவற்றையும்விட, போக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இயல்பான வலி நாளுக்கு நாள் குறையும். தொற்றின் வலி மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறும், விண்விண் என்று தெறிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். கசிவு கெட்டியாகி, பச்சையாகவோ கடும் மஞ்சளாகவோ மாறி நாற்றமெடுத்தால் அது சீழ். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் அனலாக இருக்கும். மாநிறத்திலும் கருமையான தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றிலும் கருத்தோ ஊதாவாகவோ மாறி, தோல் இழுபட்டு மினுமினுத்தால் அதையே சிவப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டிப் போனால் காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணிலிருந்து கிளம்பும் செங்கோடு, கழுத்திலோ காதுக்குப் பின்னாலோ நெறி கட்டுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவர்.

மேல் காதுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. பெரிய எழுத்தில் எழுதுங்கள். சோணை சாதாரணமாக இருக்க, அதற்கு மேலே உள்ள காது மட்டும் வீங்கிச் சிவந்து, தொட விடாமல் வலித்தால் அது குருத்தெலும்பு உறையின் தொற்று. சோணையில் குருத்தெலும்பு இல்லாததால்தான் அது தப்பி நிற்கிறது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை. குத்தி இரண்டு மூன்று வாரம் கழித்தும் இது வரலாம். மருத்துவரிடம் ‘காது குத்தினேன்’ என்று மட்டும் சொல்லாமல் ‘குருத்தெலும்பில் குத்தினேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். தோல் தொற்றுக்கு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலின், செஃபலெக்சின் போன்றவை சூடோமோனாஸைத் தொடுவதில்லை, மருந்தே வேறு. வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று நாள் காத்திருப்பவர் இழப்பது அந்த மூன்று நாளை மட்டுமல்ல.

பயந்தவுடன் பலரும் செய்வது அணியைக் கழற்றி எறிவது. உள்ளே சீழ் இருக்கும்போது கழற்றினால் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும், சீழ் வெளியேற வழியில்லாமல் கட்டியாகும். மருத்துவர் சொல்லும்வரை அணி வடிகாலாக இருக்கட்டும். புதைந்துபோன பின்மூடி இதற்கு விலக்கு. அதையும் வீட்டில் நோண்டக் கூடாது.

தொற்று அல்லாத மூன்று தொல்லைகள் தொற்றென்று பேர் வாங்கும். தண்டின் வாயில் ஈரமாகச் சிவந்த குட்டிப் புடைப்பு வந்தால், பெரும்பாலும் உரசலே காரணம்: நீளத் தண்டு, அந்தப் பக்கமே படுத்துத் தூங்குவது, கைபேசி, தலைமுடி சிக்குவது. காரணத்தை நீக்கினால் வாரக்கணக்கில் அமுங்கும். கீலாய்டு எனும் தழும்பு மேடு வேறு. அது மாதங்கள் கழித்து, கெட்டியாக, துளையின் எல்லையைத் தாண்டி வளரும், தானாகப் போகாது. குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று குத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, மேலே சொன்ன நிக்கல்: வலியைவிட அரிப்பு அதிகம், சின்னச் சின்னக் கொப்புளம், நீர் வடிதல், உலோகம் படும் இடத்தின் அளவுக்கே பரவல்.

பராமரிப்பில் நீங்கள் கூடுதலாகச் சொல்லிக் கெடுப்பதுதான் அதிகம். தேவை மூன்றே: கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுவது, கிருமி நீக்கிய 0.9 சதவீத உப்பு நீரை நாளுக்கு இரண்டு முறை தெளிப்பது, நூல் பிரியாத சுத்தமான காகிதத்தால் ஒற்றி எடுப்பது. கடையில் விற்கும் கிருமி நீக்கிய சலைன் இருக்கும்போது வீட்டில் கரைக்க வேண்டாம். 0.9 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 9 கிராம். கை அளவில் போட்டால் உப்பு கூடும், கூடினால் புதிதாக முளைக்கும் தோல் வறண்டு வெடிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு புதுத் தோலையும் கொல்லும். களிம்பு துளையை அடைத்து ஈரத்தை உள்ளே பூட்டும். நியோமைசின் கலந்த களிம்புக்கு ஒவ்வாமையும் சகஜம். ‘தினமும் திருகிவிடு, இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்’ என்ற பழைய பாடத்தை விட்டுவிடுங்கள். திருகும்போது பொருக்கு உள்ளே இழுபட்டுப் புதுத் தோல் கிழியும். பொருக்கு ஊறினால் தானே வரும், நகத்துக்கு அங்கே வேலை இல்லை. நீச்சல் குளம், ஆறு, குளம் எல்லாம் ஆறியபின்.

எப்போது ஆறும் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். சோணை ஆறு முதல் எட்டு வாரம். நாக்கு நான்கு முதல் ஆறு வாரம். மூக்கு இரண்டு முதல் ஆறு மாதம். மேல் காதும் தொப்புளும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை போகலாம். துளை வெளியிலிருந்து உள்நோக்கி ஆறுவதால் பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே பச்சைப் புண்ணாக இருக்கும். அப்போது அணியை மாற்றுகிறவருக்கு எல்லாம் முதலிலிருந்து.

குத்தக் கூடாதவர்களைத் திருப்பி அனுப்பும் தைரியமும் வேண்டும். செயற்கை இதய வால்வு உள்ளவர், பிறவி இதயக் கோளாறு உள்ளவர், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோர் முதலில் தம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். இதயக் கோளாறு உள்ளவருக்குத் துளையில் நுழைந்த கிருமி ரத்தம் வழியாக வால்வில் போய் உட்காரலாம். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து வருடம் கடந்திருந்தால் போட்டுக்கொண்டு வரட்டும்.

மிச்சமிருப்பது வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பயம்: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ். தன் கண்ணெதிரே உறை கிழித்து எடுத்த, ஒரு முறை மட்டும் பயன்படும் ஊசி என்று அவர் பார்த்திருந்தால் அந்தப் பயம் அங்கேயே அற்றுப்போகும். அதனால்தான் உறையை வாடிக்கையாளர் முன்னால் கிழியுங்கள் என்கிறோம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாளாவது வீரியத்தோடு இருக்கும். காய்ந்த கறை என்று அலட்சியம் கூடாது. எப்போதாவது தவறு நடந்து, பயன்படுத்திய ஊசியே இன்னொருவர்மேல் பட்டுவிட்டால் தயவுசெய்து மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முந்தினால் நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. பரிசோதனைதான், ஆனால் கண்டுபிடித்தால் குணப்படுத்த மருந்து உண்டு. ‘புது ஊசிதான்’ என்று சமாளிக்கும் ஒரு வார்த்தை அந்த 72 மணி நேரத்தைத் தின்றுவிடும். உங்கள் விரலில் ஊசி ஏறினாலும் கணக்கு இதேதான்.

ஆக, தாளில் இவை இருக்கட்டும்: குத்திய தேதி, இடம், ஊசியின் அளவும் பொட்டல எண்ணும், கருவி உறையில் உள்ள கிருமி நீக்கிய தேதி, அணியின் உலோகமும் தண்டின் நீளமும், குட்டைத் தண்டு மாற்ற வரவேண்டிய நாள், இயல்பானவை எவை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் எவை, உங்கள் தொலைபேசி எண். பின்பக்கத்தில் உப்பு நீர் முறை. இதன் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். மூன்றாம் நாள் நீங்களே ஒரு முறை அழைத்து, வலி நேற்றைவிடக் குறைவா கூடுதலா என்று மட்டும் கேளுங்கள். கூடுதல் என்றால் எங்களிடம் அனுப்புங்கள், அந்தத் தாளோடு.

இப்படிக்கு,
துளைப்புண்களுக்கு மருந்து கட்டுவோர்